பிட்ச் டெக்கில் வாய்மை

தொடங்கி ஓரிரு ஆண்டுகூட ஆகாத நிறுவனம் முதலீட்டாளரிடம் பணம் கேட்கும்போது காட்டும் பத்துப் பதினைந்து ஸ்லைடுகளின் தொகுப்பே பிட்ச் டெக். தீர்க்க வந்த சிக்கல், அதற்கான தீர்வு, சந்தையின் அளவு, இதுவரை சேர்ந்த வாடிக்கையாளர்கள், வருமானம் வரும் வழி, போட்டியாளர்கள், குழு, அடுத்த சில ஆண்டுகளின் வருவாய்க் கணிப்பு, கேட்கும் தொகை என்ற வரிசையில் அது பெரும்பாலும் அமைகிறது. இவற்றில் பல, இன்னும் நடக்காதவற்றைப் பற்றியவை: விற்பனைக்கு வராத பொருள், வேலைக்குச் சேராத ஆட்கள், கையெழுத்தாகாத ஒப்பந்தம். இல்லாத ஒன்றைக் காட்டிப் பணம் கேட்பவர் உண்மை பேசுகிறார் என்றால் அதற்கு என்ன பொருள்? வணிகப் பள்ளிகளில் இது பெரும்பாலும் வடிவமைப்பு, கதை சொல்லும் திறன் என்ற தலைப்புகளில் அடங்கிப்போகிறது. உண்மையில் இது அறவியலின் கேள்வி; பிட்ச் டெக் என்ற சொல் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்தனையாளர்கள் வாதிட்ட கேள்வி.

ஒரே ஸ்லைடில் மூன்று வாக்கியங்கள் இருப்பதாகக் கொள்ளலாம். "இப்போது 400 கடைகள் எங்கள் செயலியைப் பயன்படுத்துகின்றன." "அடுத்த ஆண்டு இது 5,000 ஆகும்." "இந்த முதலீட்டில் பாதியைப் பொறியாளர்களுக்குச் செலவிடுவோம்." மூன்றும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு அச்சாகியிருக்கும். ஆனால் முதலாவது செய்தி, இரண்டாவது கணிப்பு, மூன்றாவது வாக்குறுதி. ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இந்த வேறுபாட்டை விரிவாக எடுத்துப் பேசினார். வாக்குக் கொடுப்பவர் உலகில் உள்ள ஒன்றை வருணிக்கவில்லை. சொல்லாலேயே ஒரு செயலைச் செய்கிறார், தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். அதனால் செய்தி தவறும் விதம் வேறு, வாக்குறுதி தவறும் விதம் வேறு. பிட்ச் டெக்கில் நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி, இம்மூன்றும் ஒரே முகத்தோடு வந்து நிற்பதால் விளைவது.

கணிப்பைப் பொய் என்று சொல்ல முடியுமா? அரிஸ்டாட்டில் தர்க்கத்தைப் பற்றிய தமது சிறு நூலொன்றில் கடற்போர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நாளை கடற்போர் நடக்கும் என்கிறார் ஒருவர். நடக்காது என்கிறார் இன்னொருவர். இரண்டில் ஒன்று நடந்தே தீரும். ஆனால் இவர் சொன்னதே உண்மை என்று இன்றைக்கே தீர்ந்துவிட்டால் நாளை நடப்பதும் இன்றைக்கே முடிவாகிவிடும். மனிதர் ஆலோசிப்பதும் முயல்வதும் வீணாகும். ஆகவே இப்படியும் அப்படியும் ஆகக்கூடிய வருங்காலத்தைப் பற்றிய கூற்று இன்னும் உண்மையும் ஆகவில்லை, பொய்யும் ஆகவில்லை என்பதே அவர் கருத்து என்று மரபாகப் பொருள்கொள்கிறார்கள்.

இதைக் கேட்கும் நிறுவனருக்கு நிம்மதியாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் 100 கோடி வருவாய் என்று எழுதினால் அது இன்றைக்குப் பொய்யே அல்ல. ஆனால் எந்தக் கணிப்புக்குள்ளும் நிகழ்காலத்தைப் பற்றிய இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன: சொல்பவர் அதை நம்புகிறார், நம்புவதற்கு ஏதோ ஓர் அடிப்படை அவர் கையில் இருக்கிறது. இவ்விரண்டும் இன்றைக்கே உண்மை அல்லது பொய். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் ஆம்னிகேர் வழக்கில், பங்கு வெளியீட்டு ஆவணங்களைப் பொறுத்து, இதே வழியில்தான் தீர்ப்பளித்தது. மனதார நம்பிச் சொன்ன கருத்து பின்னால் தவறாகிவிட்டது என்பதற்காக மட்டும் அது பொய்க்கூற்று ஆகிவிடாது. ஆனால் அந்தக் கருத்து எந்த ஆய்வின்மேல் நிற்கிறது என்பதைப் பற்றிய முக்கியமான விவரத்தை விட்டுவிட்டால், கருத்தே படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்றது நீதிமன்றம்.

பொய்யின் இருப்பிடம் சொல்லில் இல்லை, சொல்பவரின் உள்ளத்தில் இருக்கிறது என்பது அகஸ்டின் வகுத்த இலக்கணம். உள்ளத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு ஏமாற்ற நினைப்பவர் பொய்யர்; தவறானதை உண்மை என்று நம்பிச் சொல்பவர் பிழைபட்டவர். கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் எடுத்துக்கொண்ட உதாரணம் பணம் கேட்கும் அறைக்கு இன்னும் நெருக்கமானது. நெருக்கடியில் இருக்கும் ஒருவர் கடன் கேட்கிறார். திருப்பித் தர முடியாது என்று அவருக்குத் தெரியும்; உறுதியாகச் சொன்னால்தான் பணம் கிடைக்கும் என்றும் தெரியும். அவர் செய்வதை எல்லோரும் செய்தால் வாக்குறுதி என்ற ஏற்பாடே இல்லாமல் போகும் என்கிறார் கான்ட். எவரும் எவரையும் நம்பாத இடத்தில் பொய் வாக்குறுதிக்கும் மதிப்பிராது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஆல்பர்ட் கார் 1968இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் அதை முன்வைத்தார். வணிகம் போக்கர் சீட்டாட்டம் மாதிரி. கையில் இல்லாத சீட்டை இருப்பதுபோலக் காட்டுவதை அந்த ஆட்டத்தில் யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்வதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் விதி தெரியும். இன்றைய ஸ்டார்ட்அப் உலகிலும் இதே பேச்சு நடக்கிறது. நிறுவனர் கூட்டித்தான் சொல்வார், முதலீட்டாளர் கழித்துத்தான் கேட்பார், இதில் ஏமாந்தவர் எவர் என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆனாலும் அது இரண்டு இடங்களில் உடைகிறது. சீட்டாடுபவர் தம் பணத்தை வைத்து ஆடுகிறார். முதலீட்டு நிதிகளில் இருப்பதோ பெரும்பாலும் ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் ஒப்படைத்த பிறருடைய பணம். அதே டெக்கைக் கேட்டுச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்குகளை நம்பிச் சேரும் ஊழியரும், பொருளை நம்பி வாங்கும் வாடிக்கையாளரும் அந்த ஆட்டத்தில் உட்காரச் சம்மதிக்கவே இல்லை. அடுத்து, எல்லா எண்களையும் பாதியாகக் குறைத்துக் கேட்பது வழக்கமாகிவிட்ட இடத்தில், உள்ளதை உள்ளபடி சொன்னவரின் எண்ணும் பாதியாகிவிடுகிறது. கான்ட் எச்சரித்த நம்பிக்கை இழப்பு அங்கே தொடங்கிவிட்டது. அதன் செலவு நேர்மையானவர் தலையில் விழுகிறது.

பேசாமல் விட்டது பற்றிய கேள்வி இதைவிடக் கடினம். பிட்ச் டெக் சுருக்கமான ஆவணம். எல்லாவற்றையும் அதில் சொல்லிவிட முடியாது. எதை விடலாம்? சிசரோ பொ.ஆ.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு தானிய வணிகரைக் கொண்டுவருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் யானைவிலை விற்கிறது. அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறார். அதை ஊராரிடம் சொல்லிவிட்டு விற்பதா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்பதா? ஸ்தோயிக் ஆசிரியர் பாபிலோனின் டயோஜெனீஸ், சட்டம் கேட்கும் அளவுக்குக் குறையைச் சொன்னால் போதும், பேசாமலிருப்பது வேறு மறைப்பது வேறு என்றார். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர், விற்பவருக்குத் தெரிந்த எதுவும் வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். எல்லா மௌனமும் மறைப்பு ஆகாது. பிறர் அறிந்தால் அவருக்குப் பயன்படும் ஒன்றை, அவர் அறியாமலிருப்பதே தமக்கு லாபம் என்பதற்காக விட்டுவைப்பதே மறைப்பு என்று வரையறை தந்தார். பிட்ச் டெக்கின் எந்த விடுபடலையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். ஊழியர்களின் பட்டியலை விட்டது சுருக்கம். வருவாயில் எண்பது விழுக்காடு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, அவரும் அடுத்த மாதம் விலகப்போகிறார் என்பதை விட்டது மறைப்பு.

இஸ்லாமிய மரபில் இதே சிந்தனை சந்தைக் காட்சியாக நிற்கிறது. சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் ஒன்றில், நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கிறார். விரல்களில் ஈரம் படுகிறது. மழையில் நனைந்தது என்கிறார் வணிகர். நனைந்ததை மேலே வைத்திருந்தால் வாங்குபவர் கண்டிருப்பாரே என்று கேட்கிறார் நபி. தானியம் நனைந்ததில் வணிகருக்குக் குற்றமில்லை. நனைந்தது அடியில் போனதில்தான் குற்றம். இஸ்லாமியச் சட்டத்தின் முளாரபா ஏற்பாடும் இங்கே பொருந்தும். ஒருவர் முதல் போடுகிறார், இன்னொருவர் உழைக்கிறார். லாபம் பேசியபடி பங்காகும். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைப்பவர் கவனக்குறைவாலோ நிபந்தனையை மீறியோ நஷ்டம் உண்டாக்கினால்தான் பொறுப்பு அவர்மேல் விழும். இன்றைய ஸ்டார்ட்அப் முதலீட்டின் எலும்புக்கூடு ஏறக்குறைய இதுவே. தோல்வியைப் பகிர்ந்துகொள்ள முதலீட்டாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்; மறைப்பைப் பகிர்ந்துகொள்ள அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

மகாபாரதத்தில், தம் மகன் இறந்துவிட்டான் என்று துரோணர் நம்பும்படி தருமர் சொன்ன சொல் இந்தச் சிக்கலின் நுட்பமான வடிவம். இறந்தது அந்த மகனின் பெயர்கொண்ட யானை என்பதை அவர் சொல்லாமல் விடவில்லை. காதில் விழாதபடி சொன்னார். அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர் அப்போதே மண்ணில் இறங்கியது என்கிறது காவியம். பெரிய எழுத்தில் "10,000 பயனர்கள்" என்றும், அடியில் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் "பதிவு செய்தவர்கள், தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் அல்லர்" என்றும் அச்சிடும் ஸ்லைடு அதே இடத்தில்தான் நிற்கிறது. வாக்கியம் சட்டத்துக்குப் போதும். கேட்டவர் மனத்தில் தவறான படம் பதியட்டும் என்பதற்காகவே அந்த எழுத்தின் அளவு தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிய வழக்கு தெரானோஸ். எலிசபெத் ஹோம்ஸ் 2003இல், 19 வயதில், ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டுத் தொடங்கிய நிறுவனம் அது. விரல்நுனியில் குத்தியெடுத்த சில துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யலாம் என்பது அதன் வாக்கு. முதலீட்டாளர்கள் 70 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2018இல் சுமத்திய குற்றச்சாட்டின்படி, பட்டியலில் இருந்த 200க்கு மேற்பட்ட பரிசோதனைகளில் 12 அளவுக்கே அந்த நிறுவனத்தின் சொந்தக் கருவியில் நடந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கக்கூடிய பிறர் கருவிகளில் நடந்தன. 2014இல் 10 கோடி டாலருக்கு மேல் வருவாய் வரும் என்று சொல்லப்பட்டது. வந்தது ஒரு லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய தொகை. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கோப்பில், ஃபைசர் நிறுவனத்தின் சின்னம் பொறித்த மதிப்பீட்டு அறிக்கை ஒன்றும் இருந்தது. அதை எழுதியது தெரானோஸ். சின்னத்தைச் சேர்த்தது தாமே என்று ஹோம்ஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

மூன்று வகை வாக்கியங்களையும் இங்கே பிரித்துப் பார்க்கலாம். வருவாய்க் கணிப்பு பொய்த்தது மட்டும் என்றால் அது தோல்வி. கருவி ஒருநாள் எல்லாப் பரிசோதனைகளையும் செய்யும் என்பது வாக்குறுதி. சின்னம் வேறு வகை: இன்னொரு நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது என்ற செய்தியை, ஒரு சொல்கூட எழுதாமல் அது சொல்லிவிட்டது. தோற்பது குற்றமல்ல, ஹோம்ஸ் தம் தொழில்நுட்பத்தை மனதார நம்பினார் என்று அவர் தரப்பு வாதிட்டது. 2022 ஜனவரியில் நடுவர் குழு, முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் 11 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த எதிர்வாதத்தைத் தீர்ப்போடு மறந்துவிடக் கூடாது. கேள்வியின் அடிவேர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் தம்மையே முதலில் நம்பவைத்துவிட்டுப் பிறகு பிறரிடம் பேசினால் அவர் பொய்யரா? அகஸ்டினின் இலக்கணப்படி அல்லர். திருக்குறளின் வாய்மை அதிகாரம் நெஞ்சையே சாட்சியாக வைக்கிறது: தெரிந்தே பொய் சொன்னவரை அவர் நெஞ்சமே சுடும் என்பது வள்ளுவர் வாக்கின் கருத்து. ஆனால் நெஞ்சே சமாதானமாகிவிட்டால்? டபிள்யூ. கே. கிளிஃபோர்டு 1877இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத் தொடுகிறது. ஒரு கப்பல் உரிமையாளர் புலம்பெயர்வோரை ஏற்றி அனுப்ப இருக்கிறார். கப்பல் பழையது, பழுது பார்க்கவேண்டும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் சந்தேகம் வருகிறது. எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல் இதையும் தாண்டும், கடவுள் இந்தக் குடும்பங்களைக் கைவிட மாட்டார், கட்டியவர்களைச் சந்தேகிப்பது நாகரிகமல்ல என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சந்தேகத்தை விரட்டுகிறார். கடைசியில் உண்மையாகவே நம்புகிறார். கையசைத்து வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. காப்பீட்டுத் தொகை வந்து சேர்கிறது. நம்பிக்கை உண்மையானது, ஆனால் கையிலிருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் குறையாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்குப் பதில் எழுதினார். ஆதாரம் முழுதும் வரும்வரை காத்திருந்தால் சில உண்மைகள் பிறக்கவே மாட்டா. சில நேரங்களில் ஒன்று நடக்கும் என்ற நம்பிக்கையே அது நடப்பதற்குக் காரணமாகிறது. மலையில் பிளவொன்றைத் தாண்டவேண்டியவர், முடியும் என்று நம்பிக் குதித்தால் தாண்டுவார், தயங்கினால் விழுவார் என்பது அவர் வேறொரு கட்டுரையில் தந்த உதாரணம். நிறுவனர்கள் அறிந்தோ அறியாமலோ சாய்ந்து நிற்பது ஜேம்ஸின் தோளில். அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஐவர் கொண்ட குழு ஒரு துறையையே மாற்றிக்காட்டும் என்று முதலில் யாராவது நம்பினால்தான் ஆறாவது ஆள் வந்து சேர்வார்.

கிளிஃபோர்டும் ஜேம்ஸும் மோதுவதுபோலத் தோன்றினாலும் இருவருக்கும் தனித்தனி நிலம் உண்டு. நம்பிக்கையால் தாண்டும் கால்களுக்கு வலு ஏறலாம்; பிளவின் அகலம் ஓர் அங்குலம்கூடக் குறையாது. பிட்ச் டெக்கில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் இந்தக் கேள்வியால் சோதிக்கலாம்: இது நம்பினால் நடக்கக்கூடியதா, நம்பினாலும் மாறாததா? திறமையானவர்களைச் சேர்ப்போம், இந்த நகரத்துக் கடைகளை வென்றெடுப்போம் என்பவை முதல் வகை. அங்கே நிறுவனரின் உறுதிக்கு முழு உரிமை உண்டு, ஆதாரத்தை மீறியும் அவர் நம்பலாம். ஒரு துளி ரத்தத்தில் எத்தனை மூலக்கூறு இருக்கும், போன மாதம் எத்தனை பேர் சந்தாவை நிறுத்தினார்கள், ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவு எவ்வளவு என்பவை இரண்டாம் வகை; அங்கே ஜேம்ஸுக்கு வேலையில்லை, கிளிஃபோர்டே நீதிபதி. தெரானோஸில் நடந்தது, இரண்டாம் வகைக் கூற்றை முதல் வகையின் தைரியத்தோடு பேசியது. நம்பகமான டெக்கை உருவாக்கும் வேலை பெரும்பாலும் இந்தப் பிரிப்பு வேலைதான். ஸ்லைடைத் திறப்பதற்கு முன்பே அது முடிந்திருக்கவேண்டும்.

ஸ்லைடுகளில் இது எப்படித் தெரியும் என்பதற்கு வளர்ச்சி வரைபடம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு செயலியில் ஜனவரியில் 900 பேர் சேர்ந்தார்கள், பிப்ரவரியில் 600, மார்ச்சில் 300 என்று வைத்துக்கொள்ளலாம். மாதவாரியாக வரைந்தால் கோடு கீழே இறங்கும். மொத்தக் கூட்டுத்தொகையாக வரைந்தால் 900, 1,500, 1,800 என்று மேலே ஏறும். கூட்டுத்தொகைக் கோடு எந்தக் காலத்திலும் இறங்காது. நிறுவனம் செத்துக்கொண்டிருந்தாலும் அதிகம்போனால் தட்டையாகும். இரண்டு படத்திலும் ஒரு எண்கூடப் பொய்யில்லை. எந்தப் படத்தைக் காட்டுவது என்று தேர்ந்த கணத்தில், நனைந்த தானியம் அடியில் போய்விட்டது.

சந்தை அளவு ஸ்லைடில் வேறொரு நோய். உலகம் முழுக்க இத்தனை லட்சம் கோடி செலவாகிறது, அதில் ஒரே ஒரு விழுக்காடு எங்களுக்குக் கிடைத்தால் போதும் என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுதியவரிடமே பதில் இருப்பதில்லை. ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1986இல் எழுதிய கட்டுரை இந்த வகைப் பேச்சைப் பொய்யிலிருந்து பிரித்துக் காட்டியது: பொய்யர் உண்மை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாவது அதிலிருந்து விலகுகிறார், வாய்வீச்சுக்காரர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. எத்தனை கடைகள், ஒரு கடைக்கு என்ன கட்டணம், ஒரு விற்பனையாளர் மாதத்தில் எத்தனை கடைகளைப் பார்க்க முடியும் என்று அடியிலிருந்து கட்டிய கணக்கு சிறியதாகத்தான் வரும். ஆனால் அதன் ஒவ்வொரு கல்லையும் எதிரே இருப்பவர் தட்டிப் பார்க்கலாம்.

ஏர்பிஎன்பியின் தொடக்கக் கால டெக் இங்கே நினைக்கத்தக்கது. அந்நியர் வீட்டில் காசு கொடுத்துத் தங்குவார்களா என்ற சந்தேகத்துக்கு அவர்களிடம் சொந்த ஆதாரம் போதவில்லை. கவுச்சர்ஃபிங் தளத்தின் உறுப்பினர் எண்ணிக்கையையும், கிரெய்க்ஸ்லிஸ்டில் வந்த தற்காலிகத் தங்குமிட விளம்பரங்களின் எண்ணிக்கையையும் அந்தந்தப் பெயரோடு காட்டினார்கள். இது எங்கள் வளர்ச்சியல்ல, மனிதர்கள் ஏற்கெனவே இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கான சான்று என்று அந்த ஸ்லைடு சொல்லாமல் சொன்னது. நேர்மைக்கு உடனே பலன் கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை: 2008இல் ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகியதில் ஐவர் மறுத்தார்கள், இருவர் பதிலே எழுதவில்லை. அந்த மறுப்புக் கடிதங்களைப் பிரையன் செஸ்கி 2015இல் வெளியிட்டார்.

விளைவு நன்றாக இருந்தால் மிகைப்படுத்தலை மன்னிக்கலாம் என்பவர்கள் குறளையே துணைக்கு அழைப்பது உண்டு. நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். ஆனால் அவர் கேட்கும் நன்மை குற்றம் நீங்கிய நன்மை. அதற்கு முந்தைய குறளில், யாருக்கும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்று எல்லை கட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். நிறுவனர் கூட்டிச் சொன்ன எண்ணால் கிடைக்கும் நன்மையில் முதல் பங்கு அவருக்கே. தவறினால் நஷ்டம் பிறருக்கு. அந்தக் குறள் இந்த வழக்கில் சாட்சி சொல்ல வராது.

இன்னொரு கடமை டெக்கைக் காட்டி முடித்த பிறகு தொடங்குகிறது. கூட்டத்துக்கும் பணம் வங்கிக் கணக்கில் ஏறுவதற்கும் இடையே வாரங்கள், சில வேளை மாதங்கள் ஓடும். அதற்குள் பெரிய வாடிக்கையாளர் விலகலாம், தொழில்நுட்பத் தலைவர் ராஜினாமா செய்யலாம். காட்டிய நாளில் உண்மையாக இருந்த ஸ்லைடு, அப்படி நடந்த நாளிலிருந்து தவறான ஸ்லைடு. அதை நம்பிக்கொண்டிருப்பவர் எதிரே இருக்கும்வரை மௌனமும் பேச்சாகவே எண்ணப்படும். முதலீட்டு ஒப்பந்தங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கணக்குகள் சரி, வழக்குகள் இல்லை, உரிமங்கள் செல்லும் என்றெல்லாம் நிறுவனர் உறுதிமொழி தரவேண்டும். அவற்றில் எவையெவை முழு உண்மை அல்ல என்பதைப் பட்டியலிட்டு டிஸ்க்ளோஷர் லெட்டர் என்ற தனி ஆவணம் கொடுக்கவேண்டும். புதுப்பிக்காத உரிமம், முன்னாள் ஊழியர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், கட்டாமல் நிற்கும் வரி என்று பிட்ச் டெக்கில் இடம்பெறாத அனைத்தும் அங்கே வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் ஏறிய குறைக்காகப் பின்னால் நிறுவனர்மேல் உறுதிமொழி மீறல் என்று வழக்குத் தொடுப்பது பொதுவாக இயலாது. ஏறாமல் விட்ட குறைக்குத் தொடுக்கலாம்.